இனி ஒரு பென்னியும் இல்லை: பிளக்பூல் ரசிகர்கள் தங்கள் கழகத்தையே பட்டினி போட்ட கதை

யாழ்ப்பாணத்தில் உதைபந்தாட்டக் கழகத்துக்கு முதலாளி என்று ஒருவர் கிடையாது. தலைவர், செயலாளர், பொருளாளர் இருப்பார்கள். வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை வாசிக்கும்போது பின்வாங்கிலில் இருந்து எழும்பி, "அந்தப் போக்குவரத்துச் செலவு எப்பிடி இவ்வளவு வந்தது?" என்று கேட்க ஒருவர் கட்டாயம் இருப்பார். பாசையூர் சென் அன்ரனிஸ், நாவாந்துறை சென் மேரிஸ், இளவாலை யங் ஹென்றீசியன்ஸ், ஊரெழு றோயல் என்று கழகத்தின் பெயரைச் சொன்னால் ஊரும் கூடவே வந்துவிடும். பந்துக்கும் சீருடைக்கும் ஊரவர் கொடுப்பார்கள். மைதானத்துக்கு விளக்குப் போட லண்டனிலும் பரிசிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற ஊரவர் அனுப்புவார்கள். பிடிக்காத தலைவரை அடுத்த பொதுக்கூட்டத்தில் மாற்றலாம். மாற்ற முடியாவிட்டால் கழகம் இரண்டாக உடையும். அதுவும் நாங்கள் காணாத விசயமில்லை.

இந்தப் பழக்கத்தோடு இங்கிலாந்துச் செய்திகளைப் பார்க்கிறவனுக்கு ஒன்று விளங்காது. மன்செஸ்ரர் யுனைரெட் ரசிகர்கள் தங்கள் சொந்த மைதானத்துக்குள் உடைத்துக்கொண்டு போகிறார்கள், கழகத்தின் பழைய நிறங்களான பச்சையும் தங்கமும் கலந்த சால்வை சுற்றுகிறார்கள், உரிமையாளரை வெளியே போ என்கிறார்கள். அடுத்த கிழமையும் ரிக்கற் வாங்கிக்கொண்டு அதே கதிரையில் இருக்கிறார்கள். "அண்ணை, பிடிக்கேல்லையெண்டா வேற கழகத்துக்குப் போகவேண்டியதுதானே?" என்று இளம்பெடியள் கேட்பார்கள். பாசையூர்க்காரன் ஒருவன் நாளைக்கு நாவாந்துறைக்குக் கைதட்டுவானா என்று திருப்பிக் கேட்டால் பதில் கிடைத்துவிடும். கடை பிடிக்காவிட்டால் பக்கத்துக் கடைக்குப் போகலாம், கழகத்தில் அது நடவாது. உரிமையாளருக்கு இது நல்லாத் தெரியும். எவ்வளவு ஏசினாலும் விட்டுப் போகமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் அவருடைய கணக்கு ஓடுகிறது.

விட்டுப் போன ஓர் ஊர் இருக்கிறது. அதனால்தான் எல்லாருக்கும் தெரிந்த மன்செஸ்ரரை விட்டுவிட்டு பிளக்பூலை எடுத்திருக்கிறேன். மன்செஸ்ரர் கதை இன்னும் முடியவில்லை, பிளக்பூல் வழக்குக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு.

பணம் வந்த வருடம்

பிளக்பூல் இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் உள்ள உல்லாசப் பயணிகளின் பட்டினம். 1887இல் தொடங்கிய கழகம், செம்மஞ்சள் சட்டை. 1953இல் ஸ்ரான்லி மத்தியூஸ் விளையாடிய அணி போல்ரனை 4-3 என்று வென்று எஃப். ஏ. கிண்ணத்தை எடுத்தது, அந்த ஆட்டத்தில் ஸ்ரான் மோர்ரென்சன் மூன்று கோல் அடித்தார். 1971இல் முதற்தரத்திலிருந்து இறங்கியது, பிறகு 39 வருடம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. 1980களின் கடைசியில் ஓவன் ஒய்ஸ்ரன் என்ற தொழிலதிபர் கழகத்தைக் கையில் எடுத்தார். பின்னர் அவரது மகன் கார்ல் தலைவரானார். 2006இல் லத்வியாவைச் சேர்ந்த வலேரி பெலோகன் என்ற வங்கித் தொழிலதிபர் காசு போட்டு 20 வீதப் பங்கு வாங்கினார். இந்த 20 வீதத்தை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

2010 மே 22 அன்று லண்டன் வெம்பிளி அரங்கில் கார்டிவ் சிற்றியை 3-2 என்று வென்று பிளக்பூல் முதற்தரமான பிரிமியர் லீக்குக்குப் போனது. ஐந்து கோல்களும் முதற்பாதியிலேயே விழுந்த பைத்தியக்கார ஆட்டம் அது. (அன்று தோற்ற கார்டிவுக்கும் பிறகு ஒரு தலையிடி வந்தது. 2012இல் அதன் மலேசிய உரிமையாளர் நீலச் சட்டையைச் சிவப்பாக்கினார், ரசிகர்கள் விடாமல் நின்று 2015இல் நீலத்தை மீட்டார்கள்.) இயன் ஹொலோவே பயிற்றுநர். லீக்கிலேயே மிகக் குறைந்த சம்பளம் வாங்கிய அணிகளில் ஒன்று லிவர்பூலை வெளியிலும் வீட்டிலும் வென்றது. கடைசி நாளில் மன்செஸ்ரர் யுனைரெட்டின் மைதானமான ஓல்ட் ரஃபோர்ட்டில் 4-2 என்று தோற்று, 39 புள்ளிகளோடு 19ஆம் இடத்தில் தரமிறங்கியது. ஊர் அழுதது. ஆனாலும் அந்த அணியில் ஒருவருக்கும் கோபமில்லை.

கோபம் கணக்கைப் பார்த்தபோது வந்தது. பிரிமியர் லீக்கில் இருந்த அந்த ஒரு பருவகாலத்துக் கணக்கில், ஓவன் ஒய்ஸ்ரனின் நிறுவனம் ஒன்றுக்கு 11 மில்லியன் பவுண் போயிருந்தது. பயிற்சி மைதானம் பழையபடி கிடந்தது. நல்ல விளையாட்டு வீரர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். தரமிறங்கிய அணிகளுக்கு லீக் நான்கு வருடம் பிரித்துக் கொடுக்கிற 48 மில்லியன் பவுண் உதவித்தொகையும் வந்துகொண்டிருந்தது. காசு வந்த பாதை எல்லாருக்கும் தெரிந்தது. போன பாதைதான் தெரியவில்லை.

2014 ஆடி மாதம், புதுப் பருவகாலத்துக்குச் சில கிழமைகள் இருக்க, கழகத்தில் பதிவில் இருந்த வீரர்கள் எட்டுப் பேர். எங்கள் பக்கத்து ஒன்பது பேர் சுற்றுப்போட்டிக்குக்கூட அது காணாது. அந்த வருடம் 26 புள்ளிகளோடு கடைசி இடத்தில் முடித்து அடுத்த தரத்துக்கு இறங்கினார்கள்.

ஏச்சிலிருந்து நீதிமன்றத் தபால் வரை

எந்த ஊரிலும் ரசிகர்கள் முதலில் செய்வது கத்துவதுதான். பிளக்பூலிலும் பாடினார்கள், பதாகை பிடித்தார்கள், இணையத்தில் எழுதினார்கள். உரிமையாளர் குடும்பம் அதற்குக் கொடுத்த பதில்தான் இந்த வழக்கைத் தனியாக்குகிறது. கோபப்பட்ட ரசிகர்கள் மீது மானநஷ்ட வழக்குகள் போட்டார்கள். ஓய்வுபெற்ற ரசிகர் ஒருவர் இணையத்தில் எழுதியதற்காக மன்னிப்புக் கேட்டு 20,000 பவுண் கட்ட ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. அவருக்காக மற்ற ரசிகர்கள் காசு சேர்த்தார்கள். கார்ல் ஒய்ஸ்ரன் ரசிகர் ஒருவருக்கு அனுப்பிய இழிவான குறுஞ்செய்திகளுக்காக உதைபந்தாட்டச் சங்கம் 2015இல் அவருக்குத் தண்டமும் ஆறு வாரத் தடையும் விதித்தது. 'ஒய்ஸ்ரன் வெளியே போ' என்று ரசிகர்கள் எழுப்பிய கோசத்தையே தன் வாகன இலக்கத் தகடாக எடுத்து மாட்டிக்கொண்டும் திரிந்தார் மனுசன்.

ரசிகனோடு வழக்காடுகிற உரிமையாளர் ஒரு காரியத்தைத் தெரியாமலே செய்துவிடுகிறார். அதுவரை ஒதுங்கி நின்றவனையும் பக்கம் சேர வைக்கிறார். தோல்விக்காகக் கோபப்படாதவர்களும் வயதான ஒருவர் கட்ட வேண்டிய 20,000 பவுணுக்காகக் கோபப்பட்டார்கள்.

2015 மே 2, பருவகாலத்தின் கடைசி ஆட்டம், எதிரணி ஹடர்ஸ்பீல்ட். கழகம் பயந்துபோய் மைதானத்துக்கு வெளியே நின்ற மோர்ரென்சனின் சிலையையே முன்கூட்டி அகற்றியிருந்தது. 1953இன் நாயகனுக்கு 2015இல் வந்த நிலை அது. இரண்டாம் பாதி தொடங்கிய சில நிமிடத்தில், கோல் எதுவும் விழாத நிலையில், ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கி நடுவட்டத்தில் குந்தினார்கள். இரு அணிகளும் உள்ளே போயின. ஆட்டம் கைவிடப்பட்டது, 0-0 என்ற முடிவே நின்றது.

தொலைக்காட்சிக்கு நல்ல காட்சி. நான் இதை இந்தப் போராட்டத்தின் உச்சமாகப் பார்க்கவில்லை. நடுவட்டத்தில் குந்துவதால் உரிமையாளருக்கு ஒரு சதம் நட்டம் வராது. ரிக்கற் காசு ஏற்கனவே உள்ளே போய்விட்டது. முக்கியமான வேலை அதற்குப் பிறகு, படம் பிடிக்க எதுவும் இல்லாத இடத்தில் நடந்தது.

காசை நிறுத்துவது

'இனி ஒரு பென்னியும் இல்லை' என்பது பகிஷ்கரிப்பின் பெயர். பருவகால ரிக்கற் வேண்டாம், கழகக் கடையில் சட்டை வேண்டாம், மைதானத்துக்குள் ஒரு தேத்தண்ணிகூட வேண்டாம். வெளியூர் ஆட்டங்களுக்குப் பலர் போனார்கள், ஏனென்றால் அந்தக் காசு ஒய்ஸ்ரனுக்குப் போகாது. சுமார் 17,000 பேர் இருக்கக்கூடிய புளூம்பீல்ட் றோட் மைதானத்தில் சில ஆயிரம் பேர் மட்டும் இருந்து பார்த்தார்கள். மிச்சம் முழுக்க வெறும் செம்மஞ்சள் கதிரைகள்.

இந்த இடத்தில்தான் நேரக் கணக்கு வேலை செய்கிறது. தரமிறங்கியவர்களுக்கான அந்த 48 மில்லியன் நான்கு வருடத்தில், 2014-15 பருவகாலத்தோடு முடிந்தது. அதுவரை வாசல் காசு வந்தாலென்ன விட்டாலென்ன. 2015க்குப் பிறகு மூன்றாம் தரத்தில், 2016இல் மறுபடி இறங்கி நான்காம் தரத்தில் விளையாடும் கழகத்துக்குத் தொலைக்காட்சிக் காசு சொற்பம், வாசல் காசுதான் சோறு. பகிஷ்கரிப்பு அந்தச் சோற்றில் கைவைத்தது. மூன்று வருடம் முந்தி செய்திருந்தால் உறைத்திருக்காது என்பது என் கணிப்பு.

இதற்கு ஊருக்குள்ளே கொடுத்த விலை பெரியது. தகப்பன் போகாமல் நிற்க மகன் போகிற வீடுகளும் இருந்தன. "விளையாடுற பெடியள் என்ன பிழை செய்தவங்கள்?" என்ற கேள்விக்கு நல்ல பதில் ஒருவரிடமும் இருக்கவில்லை. 2017 மே மாதம் பிளக்பூல் மறுபடி வெம்பிளிக்குப் போய், எக்செற்றரை 2-1 என்று வென்று மூன்றாம் தரத்துக்கு ஏறியது. ஆயிரக்கணக்கான ரசிகர்கள் அதையும் போய்ப் பார்க்கவில்லை. தன் அணி வெம்பிளியில் கிண்ணம் தூக்குகிற அன்று வீட்டில் இருந்தவனின் பிடிவாதத்தை நான் முழுமனதோடு மெச்சுகிறேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஒரு நாள் விலக்குக் கொடுத்திருந்தால் பகிஷ்கரிப்பு அன்றே உடைந்திருக்கும் என்பதும் உண்மை.

2019 தை மாதம் ஆர்சனல் அணி கிண்ணப் போட்டிக்கு வந்தபோது, ரசிகர் ஒருவர் அவர்களுடைய பஸ்ஸின் கூரையில் ஏறி இருந்துகொண்டார். உலகம் பிளக்பூலைப் பற்றி அன்றுதான் மறுபடி கதைத்தது.

இருபது வீதம்

உரிமையாளரைக் கவிழ்த்தது ரசிகர்கள் இல்லை, பங்காளி. பெலோகன் நீதிமன்றத்துக்குப் போனார். அவருடைய வாதம் எளிமையானது: கழகத்திலிருந்து காசு எடுப்பதென்றால் இலாபப்பங்காக எடுக்க வேண்டும், அப்படி எடுத்தால் எனக்கும் பங்கு உண்டு. ஒய்ஸ்ரன் குடும்பமோ தங்கள் நிறுவனங்களுக்குக் கடன், கொடுப்பனவு என்ற பெயர்களில் எடுத்திருக்கிறது. 2017 நவம்பர் 6ஆம் திகதி லண்டன் மேல்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 26.77 மில்லியன் பவுண் கழகத்திலிருந்து முறையற்ற விதத்தில் உரிஞ்சப்பட்டிருக்கிறது என்றும், பெலோகனின் பங்குகளுக்காக 31.27 மில்லியன் பவுண் கட்ட வேண்டும் என்றும் தீர்ப்பு. ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் கத்திய விசயம் தசமப் புள்ளியோடு நீதிபதியின் எழுத்தில் வந்தது.

பெலோகனை மீட்பராக வைத்துக் கும்பிடத் தேவையில்லை. கிர்கிஸ்தானில் அவருக்கு எதிராக இருந்த ஒரு தீர்ப்பைக் காரணமாகக் காட்டி, உரிமையாளராக இருக்கத் தகுதியில்லை என்று லீக் அவரையே ஒதுக்கியிருந்தது. ஆகவே வழக்கில் வென்றவர் கழகத்தை எடுக்க முடியாது. தோற்றவர் காசைக் கட்டி முடிக்கவில்லை. 2018 முழுக்க இந்த இழுபறிதான். கார்லைத் தகப்பனே பதவியிலிருந்து இறக்கிவிட்டு மகளை இருத்தினார், ரசிகர்கள் அசையவில்லை.

2019 பெப்ரவரி 13 அன்று, கடனை அறவிட நீதிமன்றம் சொத்துப் பொறுப்பாளர் ஒருவரை நியமித்தது. அந்த மாதக் கடைசியில் ஓவன் ஒய்ஸ்ரன் கழகத்தின் பணிப்பாளர் சபையிலிருந்து அகற்றப்பட்டார். பகிஷ்கரிப்பு முடிந்தது. வருடக்கணக்காக ஆள் இருக்காத கதிரைகளில் பறவை எச்சமும் பாசியும். ரசிகர்கள் வாளியும் துணியும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார்கள். எங்கள் ஊரில் திருவிழாவுக்கு முதல் சிரமதானம் செய்வது மாதிரித்தான். மார்ச் 9ஆம் திகதி சவுத்எண்ட் அணியோடு ஆட்டம். வந்தவர்கள் 15,871 பேர். முடிவு 2-2. சொத்துப் பொறுப்பாளரிடம் போன கழகத்துக்கு 12 புள்ளி வெட்டு வருமோ என்று பயம் இருந்தது. லீக் வெட்டவில்லை.

ஏன் இங்கே பலித்தது?

ரசிகர்களின் ஆர்ப்பாட்டம் தனியாக எந்தப் பெரிய உரிமையாளரையும் இறக்கியதாக எனக்குத் தெரியாது. எங்கேயாவது ஒரு கடன் முற்ற வேண்டும், ஒரு வழக்கு நிற்க வேண்டும், ஒரு பங்காளி முறுக்கிக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் ரசிகர்கள் ஏற்கனவே தயாராக நிற்கிறார்களா என்பதுதான் கேள்வி. பிளக்பூலில் நின்றார்கள். வாசல் வெறிச்சோடிக் கிடந்த கழகத்தை வைத்துக் கடனெடுத்து, பெலோகனுக்குக் கட்டித் தப்புவது கடினம். அந்த வழியைத்தான் பகிஷ்கரிப்பு அடைத்தது என்று நினைக்கிறேன்.

லிவர்பூலை எடுங்கள். 2007இல் ஹிக்ஸ், ஜில்லெற் என்ற இரு அமெரிக்கர்கள் வாங்கி, கடனைக் கழகத்தின் தலையில் வைத்தார்கள். ஊர்வலங்கள் நடந்தன. ஆனால் 2010இல் வங்கிக் கடனின் தவணை ஒக்ரோபர் 15இல் முடிகிறது என்று தெரிந்ததும், ரசிகர்கள் மறுகடன் கொடுக்கக்கூடிய வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் ஆயிரக்கணக்கில் மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கினார்கள்: கொடுக்காதீர்கள். வழக்கு மேல்நீதிமன்றம் போனது, உரிமையாளர்கள் தோற்றார்கள், தவணை நாளிலேயே கழகம் 300 மில்லியன் பவுணுக்குக் கைமாறியது. அதே லிவர்பூல் ரசிகர்கள் 2016இல் 77 பவுண் ரிக்கற்றுக்கு எதிராக, 77ஆவது நிமிடத்தில் சுமார் 10,000 பேராக எழும்பிப் போனார்கள். 2-0 என்று முன்னால் நின்ற அணி 2-2 என்று முடித்தது. சில நாளில் விலையேற்றம் கைவிடப்பட்டது. கேட்டது சின்னது, உடனே கிடைத்தது.

மன்செஸ்ரரில் கிளேசர் குடும்பம் 2005இல், சுமார் 790 மில்லியன் பவுண் பெறுமதியில், பெரும்பகுதி கடனோடு கழகத்தை எடுத்தது. ஒரு பகுதி ரசிகர்கள் அந்த வருடமே வெளியேறி, ஆளுக்கொரு வாக்கு என்ற முறையில் எஃப்சி யுனைரெட் ஒவ் மன்செஸ்ரர் என்று தனிக்கழகம் தொடங்கினார்கள். யாழ்ப்பாணத்துக்காரருக்குச் சொல்லித்தர வேண்டிய வித்தை இல்லை அது. 2010இல் பச்சை-தங்கச் சால்வை இயக்கம். மிலான் அணியோடு வந்த முன்னாள் யுனைரெட் வீரர் டேவிட் பெக்கமே ஆட்டம் முடிந்து அதைக் கழுத்தில் போட்டார். 2021 மே 2 அன்று, ஐரோப்பாவின் பெரிய கழகங்கள் தங்களுக்குள் தனி லீக் தொடங்கப் பார்த்த சுப்பர் லீக் திட்டம் கவிழ்ந்து இரண்டு கிழமைக்குள், ஓல்ட் ரஃபோர்ட்டுக்குள் ரசிகர்கள் இறங்க லிவர்பூலுடனான ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டது. 2024இல் பிரித்தானியத் தொழிலதிபர் ஜிம் ரற்கிளிவ் கால்வாசிக்குச் சற்று மேற்பட்ட பங்கை வாங்கினார். பெரும்பான்மை வாக்கு இன்னும் கிளேசர்களிடம்தான். அங்கே ஒருவர் கதிரையை விட்டால் வாங்க வரிசையில் ஆள் நிற்கிறது, தொலைக்காட்சிக் காசும் வாசலைப் பார்த்து வருவதில்லை. பகிஷ்கரிப்பு பிடிக்க அந்தச் சுவரில் ஆணி இல்லை.

எங்கள் பெயரில் ஓர் அணி

இது எங்களுக்குத் தூரத்துக் கதை மட்டுமில்லை. 2020இல் லங்கா பிரிமியர் லீக் கிரிக்கெற் தொடங்கியபோது ஜவ்னா ஸ்ராலியன்ஸ் என்ற அணி முதற்கிண்ணத்தை எடுத்தது. அடுத்த வருடம் உரிமையாளர் மாற, பெயர் ஜவ்னா கிங்ஸ் ஆனது. கிண்ணம் எடுத்த பெயர் போனது குறித்து இங்கே ஒருவரையும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய கடமையும் அவர்களுக்கு இல்லை. ஹம்பாந்தோட்டை, பல்லேகல, தம்புள்ளை, கொழும்பு என்று ஆடினார்கள். யாழ்ப்பாணத்தில் ஆடவில்லை. அதற்கு நாங்கள் ஆர்ப்பாட்டம் செய்யவுமில்லை. எங்களுடையதாக இருந்தால்தானே கோபம் வரும்.

உதைபந்தில் எங்கள் தலையிடி வேறு இடத்தில். 2023 தை மாதம் உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபா இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது, ஆவணிக் கடைசியில்தான் நீக்கியது. யாழ்ப்பாணம் துரையப்பா அரங்கில் ஆடும் பெடியனுக்கு அங்கே வாக்குமில்லை, பகிஷ்கரிக்க ரிக்கற்றும் இல்லை.

ஆனால் வெளிநாட்டுக் காசு பெரிதாக வரும் கழகங்கள் பிளக்பூலை ஒருமுறை பார்ப்பது நல்லது. ஒரே ஒருவர் பவிலியனும் கட்டி, விளக்கும் போட்டு, பயிற்றுநரின் சம்பளமும் கொடுத்தால், யாப்பில் என்ன எழுதியிருந்தாலும் கூட்டத்தில் அவருக்கு எதிராகக் கை தூக்க ஆள் வராது. நன்கொடையை வாங்கும்போதே அது நன்கொடையா கடனா என்று கூட்டக் குறிப்பில் எழுதிக் கையெழுத்து வைப்பது அவமரியாதை இல்லை. ஒய்ஸ்ரன் வழக்கில் நீதிபதிக்கு உதவியதும் கடதாசிகள்தான்.

விற்பனைக்குப் பிறகு

2019 ஜூன் மாதம் சைமன் சட்லர் பிளக்பூலின் 96.2 வீதப் பங்கை வாங்கினார். அந்த ஊரில் பிறந்து ஹொங்கொங்கில் தொழில் செய்தவர், கழகத்தின் ரசிகர். நான்கு வருடம் வாசலுக்கு வெளியே நின்றவர்களுக்குக் கழகம் கிடைக்கவில்லை, வேறொரு தனி உரிமையாளர்தான் கிடைத்தார். அதை அவர்கள் மகிழ்ச்சியோடு ஏற்றார்கள். அவர்கள் கேட்டது ஒருவர் போக வேண்டும் என்பது மட்டும். உரிமை முறை மாற வேண்டும் என்று அந்தப் பகிஷ்கரிப்பு கேட்கவில்லை. முறையைப் பற்றிய கேள்வியை நாடு பிறகு எடுத்தது. அதே 2019 ஓகஸ்ற்றில் காசுச் சிக்கலில் இருந்த பெரி கழகம் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது, 2021இல் சுப்பர் லீக் கலவரம், அதன்பின் விசாரணை, கடைசியாக 2025 ஜூலையில் உதைபந்தாட்ட ஆளுகைச் சட்டம். உரிமையாளரின் தகுதியைப் பார்க்கத் தனி ஒழுங்குபடுத்துநர் ஒருவர் இப்போது இருக்கிறார்.

பிளக்பூல் 2021 மே மாதம் லிங்கனை 2-1 என்று வென்று இரண்டாம் தரத்துக்கு ஏறியது. 2023இல் மறுபடி இறங்கியது. இந்த முறை தரமிறங்கியதற்காக ஒருவரும் ரிக்கற்றைத் திருப்பிக் கொடுக்கவில்லை.